மேஜை மணிக்காரர்

தொலைக்காட்சி பார்ப்பவர்களில் பல ரகம் உண்டு. செய்தி பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர், தொடர் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறவர், சமையல் நிகழ்ச்சியை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர். இவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. பெட்டியை அணைத்தால் இவர்களும் அடங்கிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது, பெட்டியை அணைத்த பிறகு ஆரம்பிக்கிற ஒரு ரகத்தைப் பற்றி. நகைச்சுவை வினாடி வினா ரசிகர். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் எதிர்ச்சாரிக்கு மாறியும் இருப்பீர்கள்.

நிகழ்ச்சியை அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். நீளமாக ஒரு மேஜை. அதன் பின்னால் நான்கு நகைச்சுவைக்காரர்கள், ஆளுக்கொரு மேஜை மணி. எதிரே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கேள்வி கேட்கிறவர். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?" என்பார். நால்வரில் ஒருவர் டிங் என்று மணியை அடித்து, "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பார். அரங்கம் உருண்டு புரண்டு சிரிக்கும். சரியான விடைக்கு ஒரு மார்க், தப்பான விடையைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் இரண்டு மார்க், இதுதான் விதி. ஆகவே வாராவாரம் ஜெயிக்கிறவர் ஒன்றுமே தெரியாதவராகத்தான் இருப்பார். நிகழ்ச்சியின் பெயர் 'சொன்னாத்தானே தெரியும்'. ஆக்டோபஸ் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ரசிகர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். தங்கமான மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கத் தெரியாதவர். ஆனால் அந்த நிகழ்ச்சியில் இருப்பதுபோலவே ஒரு மேஜை மணியை எங்கிருந்தோ வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் உப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வெளியே போகும்போது மணி கிடையாது என்பதால் "டிங்" என்று வாயாலேயே சொல்லிக்கொள்வார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது, "எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்ட பாவத்துக்கு அந்த மருத்துவருக்கும் ஒரு "டிங்" கிடைத்தது.

இந்த ரகத்தை அடையாளம் காண்பது சுலபம். ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்துவார்; நீங்கள் சிரிப்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. நீங்கள் சிரிக்காவிட்டால், புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை சொல்வார். அவருடைய வலது உள்ளங்கை எப்போதும் மேஜைக்கு ஒரு சாண் மேலே, பறந்து போன பூச்சிக்குக் காத்திருப்பதுபோல நிற்கும். சனிக்கிழமை பார்த்த நிகழ்ச்சியையே வியாழக்கிழமை மறு ஒளிபரப்பில் திரும்பவும் பார்த்து, எல்லாக் கேள்விக்கும் நால்வரையும் முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா?' என்று நம்மைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தோமே. சனிக்கிழமையே பார்த்தோமே.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. விடை மறந்துவிடும், சிரிப்பு மறக்காது. சில மாதம் கழித்து இரண்டும் கலந்து, நகைச்சுவைக்காரர் அடித்துவிட்டது விஞ்ஞானமாகிவிடும். கண்ணாடி வாங்க வந்த ஒருவரிடம், ஒட்டகச்சிவிங்கி அதிகம் சத்தம் போடாததற்குக் காரணம், தான் சொல்வது கீழே இருக்கிற யாருக்கும் கேட்பதில்லை என்பதை அது பல தலைமுறைக்கு முன்பே புரிந்துகொண்டதுதான் என்று என் சகலை விளக்கினார். வந்தவர் கால்நடை மருத்துவர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சகலை அதை இரண்டு மார்க் என்று எடுத்துக்கொண்டார்.

கடையில் இதைவிட மோசம். கண் பரிசோதனை அட்டையில் கீழ் வரியைப் படிக்கச் சொல்வார். எதிரே உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ப... இல்ல, வ-வா?" என்பார். "கிட்டத்தட்ட! ஒரு க்ளூ தரட்டுமா? மேல இருந்து கொட்டும், கூடவே இடியும் இடிக்கும்" என்பார் சகலை. "மழையா? அப்ப, ம!" "டிங்!" அந்த மனிதர் வெற்றிக் களிப்போடு வீட்டுக்குப் போய், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேருந்து எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பி வருவார். க்ளூ கொடுத்துக் கண் பரிசோதித்த ஒரே நிபுணர் உலகத்திலேயே என் சகலையாகத்தான் இருப்பார்.

வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? கேள்வியை ஒழித்துவிட்டார்கள். அந்த வீட்டில் "சாப்பிட வர்றீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மணி அடிக்கும். "சாப்பாடு ரெடி. பசிக்கிறவங்க வரலாம்" என்று ரயில் நிலைய அறிவிப்பைப்போல ஒரு குரல் வரும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "எனக்குச் செருப்பு அறுந்துபோச்சு. நாளைக்குக் கடை திறந்திருக்கும்" என்று தகவலாகத் தெரிவித்துவிட்டுப் போய்விடுவாள். மனைவி மட்டும் பழக்க தோஷத்தில் அவ்வப்போது மாட்டிக்கொள்வாள். நாம் எல்லோரும் கதையை ஆரம்பிப்பதே 'தெரியுமா' என்றுதானே. அந்த ஒரு சொல் போதும், உள்ளங்கை இறங்கிவிடும்.

இந்த மனைவி, அதாவது என் மைத்துனி, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்கு வரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒரு திங்கட்கிழமை அவளை மேலதிகாரி கூப்பிட்டு, ரயிலில் அரை நாள் தூரத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்துப் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமை ஏற்கச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்ட பதவி அது. ஆனால் வீட்டை மாற்ற வேண்டும், மகளின் பள்ளியை மாற்ற வேண்டும், கணவர் கூட வருவாரா என்று தெரிய வேண்டும். அதற்கு முதலில் கணவரிடம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு எங்க லேப்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

டிங். "குழாயைத் திறந்தா தண்ணி வந்துடுச்சு. எல்லாரும் பயந்துட்டீங்க."

"அதில்லைங்க. பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டாரு."

டிங். "போன வருஷம் வாங்கின பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டாரு."

மைத்துனி சிரித்துவிட்டாள். வீட்டுக்குள் மனுஷர் இரண்டு மார்க் வாங்கிவிட்டார், விஷயம் அத்தோடு நின்றது. என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டதே. அந்த ஆளைக் கட்டிக்கொண்டதே அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று அவளே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை உஷாராகக் கேள்வி இல்லாமல் போனாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எத்தனை எழுத்து?"

புதன்கிழமை மணியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் பேச வந்தாள். மனுஷர் மிச்ச நேரமெல்லாம் மணியைத் தேடி, படுக்கப் போகும்போதுதான் கண்டெடுத்தார். அன்றைக்கு என் மனைவிக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. "அக்கா, மேல் வீட்டுத் தையல்காரம்மாகிட்டக் கூடச் சொல்லிட்டேன். இவர்கிட்டதான் சொல்ல முடியலை. அவர் வரலைன்னா நான் எப்படிக்கா சரின்னு சொல்றது? கேட்டாத்தானே வருவாரா மாட்டாரான்னு தெரியும்? நாளைக்கு நீயும் மாமாவும் வாங்க. ஆள் இருந்தா அடங்குவாரு." நான் இருந்தால் அவர் அடங்க மாட்டார், கூடுதலாக ஒரு பார்வையாளர் கிடைத்தார் என்றுதான் குஷியாவார். அதைச் சொல்லி அவளைக் கலவரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வியாழக்கிழமை நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே கடையில் ஒன்று நடந்துவிட்டது. அதைப் பிற்பாடு சகலையே என்னிடம் சொன்னார். கண் பரிசோதனைக்கு ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மைத்துனியின் பரிசோதனைக்கூடத்திலேயே வேலை செய்கிறவர். மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னார் சகலை.

"ப, ட, ம... மேடம் போயிட்டாங்கன்னா எங்களுக்குக் கையொடிஞ்ச மாதிரிதான் சார். எங்களுக்கெல்லாம் அவங்க சரின்னு சொல்லணும்னும் இருக்கு, வேண்டாம்னு சொல்லணும்னும் இருக்கு."

"எந்த மேடம்? எங்க போறாங்க?"

எனக்குத் தெரிந்து, விடை தெரியாமல் சகலை கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்த அம்மாள் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அவரை நேராகப் பார்த்தார். "ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

அவருடைய கை மேஜையில் இறங்கவில்லையாம். க்ளூ கேட்கவும் தோன்றவில்லையாம்.

சாயங்காலம் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் உள்ளே வந்தார். மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வருவார் என்று மகள் போட்டுவைத்திருந்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மனைவி முன்னால் போய் நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை. நீ சொன்னாத்தானே தெரியும்?"

மகள் கை நீட்டிச் சாப்பாட்டு மேஜையிலிருந்த மணியை அடித்தாள். "நிகழ்ச்சியோட பேரு. ஒரு மார்க்."

பெட்டியில் அரங்கமே சிரித்தது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு மணியைத் தள்ளி வைத்தாள். என் மனைவி எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மைத்துனி. "க்ளூ கிடையாது. எனக்கு அங்க போக ஆசையா, இல்லையா?"

சகலை வாயைத் திறந்தார். ஒரு நகைச்சுவை தொண்டைவரை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்திருக்கும், மனுஷருக்கு அதில் கை தேர்ந்த வாய். அதை அவர் விழுங்கியதையும் பார்த்தேன். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குகிறவர்போல இருந்தது.

"தெரியலை" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த நிகழ்ச்சியில் ஒருவர்கூடச் சொல்லாத விடை. அதற்கு எத்தனை மார்க் என்று விதியே கிடையாது. மைத்துனி ஒரு பெருமூச்சு விட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப சொல்றேன், கேளுங்க. ஆசைதான். ரொம்ப ஆசை. ஆனா பயமாவும் இருக்கு. அங்க தண்ணி கெட்டுச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். தனியாப் போய் நிக்க முடியாது எனக்கு."

"அங்கேயும் எங்க கடைக்கு ஒரு கிளை இருக்கு" என்றார் சகலை. சற்று யோசித்துவிட்டு, "நாளைக்கே கேக்கறேன்" என்றார். பிறகு அவள் சொன்னாள், அவர் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் மெதுவாகச் சமையலறைக்கு நகர்ந்துவிட்டோம். வெகுநேரம் கூடத்திலிருந்து ஒரு டிங்கூட வரவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் சரி என்று சொல்லிவிட்டாள். இப்போது அந்த மணி, நீர்த்தேக்கத்து அலுவலகத்தில் தலைமைப் பரிசோதகரின் மேஜையில் இருக்கிறது. மைத்துனி அடித்தால் ஆள் வருகிறார்.

சகலை திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் இந்த ரகத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். வீடு மாற்றிய அன்றைக்கு, "சார், பீரோவை எங்க வைக்கிறது?" என்று கேட்ட லாரிக்காரரிடம் வாயாலேயே ஒரு டிங் அடித்துவிட்டுத்தான் வழிகாட்டினார். ஒரே ஒரு முன்னேற்றம் உண்டு. மனைவி 'தெரியுமா' என்று ஆரம்பித்தால் மட்டும், "தெரியாது, சொல்லு" என்கிறார்.

நல்லவேளை, நாம் இப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இருங்கள். என் மைத்துனியை மேலதிகாரி கூப்பிட்டது எந்தக் கிழமை? திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. இவ்வளவு நேரம் ஒரு பெண் தன் வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறாள். நீங்களோ இந்த ஆள் ஆக்டோபஸ் விஷயத்தை எப்போது சொல்லப்போகிறார் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? அதிலும் சிலர், 'மூன்று' என்று முதல் பக்கத்திலேயே எனக்கு முந்திச் சொல்லியும் ஆயிற்று.

சரிதான், மூன்றுதான். மேஜையிலிருந்து கையை எடுங்கள். பக்கத்து அறையில் உங்களை யாரோ கூப்பிடுகிறார்கள்.