பூட்டுப் பையை எதிர்த்து அக்காவுக்கு ஒரு விண்ணப்பம்

பள்ளிக்கூட வாசல், கார் வரிசை,
நெப்ராஸ்கா, வெள்ளி மதியம் 2.25

அன்பும் மரியாதையும் நிறைந்த கார்லா அக்காவுக்கு (நீ இப்போது பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர் என்பதால் மரியாதை கொஞ்சம் கூடுதல்),

உன் தம்பி ராண்டல் எழுதிக்கொண்டது. நானும் மகள் டெஸ்ஸாவும் சுகம். அத்தானின் முழங்காலும் உன் தக்காளிச் செடிகளும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இனி விஷயம். திங்கட்கிழமை ராத்திரிக் கூட்டத்தில் செல்போன் தடையைத் தொடர்வதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு என்றாயே, அதில் நீ தடைக்கு எதிராகக் கை தூக்க வேண்டும். கூடப்பிறந்தவன் கேட்கிறேன், தட்டிக் கழிக்காதே.

இந்த வருடம் என்னென்ன புதுசு என்று உங்கள் அலுவலகம் பதினோரு பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் காலைச் சாப்பாடு, சந்தோஷம். பள்ளி எட்டே முக்காலுக்குத்தான் ஆரம்பம், அதைவிடச் சந்தோஷம், டெஸ்ஸா இப்போதெல்லாம் இரண்டு காலுக்கும் ஒரே நிறத்தில் சாக்ஸ் போடுகிறாள். ஒன்பதாம் பக்கத்தில்தான் வைத்தீர்கள் வேட்டு. ஆளுக்கொரு சாம்பல் நிறப் பை, காலையில் போனை உள்ளே போட்டுப் பூட்டினால் கடைசி மணி அடித்த பிறகுதான் திறப்பார்களாம், பள்ளி பஸ்ஸிலும் போனை வெளியே எடுக்கக்கூடாதாம். விவாகரத்துக்குப் பிறகு நாங்கள் இந்த ஊருக்கு வந்தது போன ஜனவரியில், பள்ளி வருடம் பாதி முடிந்த பின் வந்து சேர்ந்த பிள்ளை அவள். பதினொன்று நாற்பதுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருப்பாள். அந்த இருபது நிமிஷமும் நான் வேலை பார்க்கும் தீவன ஆலையில் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளுக்கு ஜோக் அனுப்புவேன், எல்லாம் படுமட்டமான ஜோக்குகள், "அய்யோ அப்பா" என்று பதில் வரும், வந்தால்தான் எனக்குச் சாண்ட்விச் தொண்டையில் இறங்கும். இப்போது அவள் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறாள்? சுவரையா? கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒண்ணுமில்லை என்று சொன்னால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம், அக்கா.

அவசரச் செய்தியை அலுவலகத்தில் சொல்லலாம் என்று பத்தாம் பக்கத்தில் போட்டிருந்ததே என்று போன செவ்வாய் கூப்பிட்டேன். எடுத்தது அலுவலகத்து மிஸஸ் ஹாப்ட்.

"கோழி ஜோக் ஒண்ணு எழுதிக்கங்க மேடம்."

"இதுவா அவசரம், மிஸ்டர் க்ளாசன்?"

"பதினொண்ணு நாப்பதுக்குள்ள போய்ச் சேரணும் மேடம். அவசரம்தானே?"

அந்தப் புண்ணியவதி எழுதியே விட்டார். ஆனால் அலுவலகத்திலிருந்து வகுப்புக்கு ரோஸ் நிறச் சீட்டு வந்தாலே யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தமாம். கணக்கு வாத்தியார் டெஸ்ஸாவின் தோளைத் தட்டி, "தைரியமா இரும்மா" என்றிருக்கிறார். அவள் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்ததும் அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நர்ஸிடம் அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸிலாவது தனியாக உட்கார வேண்டாம் என்று நானே தினமும் அழைத்துப் போக வருகிறேன். அதிலும் புதுசு, காருக்கு ஒரு நம்பர் அட்டை, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். என் நம்பர் 214. முதல் நாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆனால் கண்ணாடிக்குக் கீழே சனிக்கிழமை பண்ணை ஏலத்தில் ஏலம் கேட்கக் கொடுத்த நம்பர் அட்டை 87 கிடந்தது, நம் ஊரில் யார் வண்டியில்தான் ஏல அட்டை கிடக்காது? உடற்பயிற்சி வாத்தியார் ப்ரூட் "எண்பத்தேழு வந்தாச்சு!" என்று வாக்கிடாக்கியில் கத்தினார். பள்ளியில் அந்த நம்பருக்குரிய பத்து வயது இரட்டைப் பெண்கள் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டார்கள்.

"நம்ம வேன் எங்கடி?"

"பேசாம உக்காரு. சீட்டெல்லாம் நாய் முடி. நாய் இருக்கும்."

"வாத்தியாரே, இது என் பிள்ளைங்க இல்ல!" என்று அலறினேன்.

"மூணு மணிக்கு எல்லா அப்பாவும் இதையேதான் சொல்றாங்க. நகருங்க சார், வரிசை நிக்குது!"

வரிசையில் நுழைந்தவன் சுற்றி முடிக்காமல் வெளியே வர முடியாது. பின்னால் அவர்கள் அம்மா வேனில் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்த, நடைபாதையில் டெஸ்ஸா வாயைப் பிளந்து நிற்க, இருபத்தைந்து நிமிஷம் ஊர்ந்தேன். அதற்குள் இரண்டும் என் நாயின் பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டன. அவர்கள் அம்மாவிடம் நீ சொல்லிவிடாதே.

ஆகவே அக்கா, போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல். என் பெண்ணுக்கு அந்த இருபது நிமிஷம் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அத்தானுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி ராண்டல்

பி.கு.: மடித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. டெஸ்ஸா ஓடி வந்தாள், ஏறவில்லை. ஜன்னலில் தலையை மட்டும் நீட்டி, "அப்பா, நான் பஸ்ல வர்றேன். மரிசோலும் ஹேட்டியும் பஸ்லதான். மத்தியானம் பாதியில விட்ட சீட்டாட்டத்த முடிக்கணும்" என்றாள்.

"எந்த மத்தியானம்?"

"தினமுந்தான்பா. போன் இல்லாம எல்லாருக்கும் போரடிச்சுது. ரெண்டு வாரமா ஆடுறோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஜோக் அனுப்ப முடியலன்னு நீங்களே சோகமா இருந்தீங்க, பாவம். திங்கக்கிழமையிலேருந்து நீங்க வர வேணாம்பா."

ஓடியே போய்விட்டாள். தடைக்கு ஆதரவாக இரண்டு கையையும் தூக்கு, அக்கா. நான் காலி சீட்டோடு இன்னும் வரிசையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறேன், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார், எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீ வீட்டில் இருப்பாயா?