ரஸ்ஸின் தொப்பையும் பிஸ்கட்டின் ஞாபகமும்

ரஸ் கல்லஹனின் தொப்பையைக் காணவில்லை.

மே மாதம் ஸ்டுடியோவை விட்டுப் போகும்போது பெல்ட்டுக்கு மேலே பத்திரமாக இருந்தது. ஆகஸ்டில் திரும்பி வந்தவனிடம் இல்லை. போதாக்குறைக்கு ஹவாய் வெயிலில் நன்றாகக் கறுத்துப் போயிருந்தான்.

"எங்கடா போச்சு?" என்றாள் நெல்டா, சாவு வீட்டுக்கு வந்தவள் போல.

"நான் இப்போ கறி தொடறதில்ல, நெல்டா. யோகா பண்றேன். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு!"

"உனக்குக் குறைஞ்ச பத்தும் எனக்குக் கூடிப்போச்சு."

நெல்டா ஃபிட்ச் 'கெட்டில் தெரு' டிவி தொடரின் கன்டினியூட்டி பார்ப்பவள். முந்தைய ஷாட்டில் பாதி காலியான கோப்பை அடுத்த ஷாட்டில் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. ஆறு சீசனில் ஒரு சட்டைப் பொத்தான் கூட அவளை ஏமாற்றியதில்லை.

ஆனால் இன்றைய வேலை பொத்தான் சமாசாரமில்லை. ஆறாவது சீசனின் கடைசிக் காட்சியில், பிளம்பராக வரும் ரஸ் சோபாவில் உட்கார்ந்து, கையில் பாஸ்ட்ராமி எனும் மாட்டுக்கறி வைத்த சாண்ட்விச்சோடு, பக்கத்து வீட்டு ட்ரூடியிடம், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். ட்ரூடி வாயைத் திறந்தாள். படம் அப்படியே உறைந்தது. அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

கோடை முழுவதும் அமெரிக்காவுக்கு வேறு பேச்சே இல்லை. முடிதிருத்தும் கடைகளில் பந்தயம் கட்டினார்கள். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பாதிரியார் பிரசங்கத்தின் நடுவிலேயே, "அந்தப் பெண் சரி என்று சொல்ல வேண்டும்" என்றாராம். ஏழாவது சீசன் அதே நொடியில் தொடங்க வேண்டும். பழைய காட்சியின் வாலையும் புதிய காட்சியின் தலையையும் ஒட்டப் போகிறார்கள். ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது.

காலையிலேயே புதுத் தயாரிப்பாளர் மிட்ச் அவளை ஓரமாக அழைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க நெல்டா. இப்போ எல்லாம் வீடியோவுல போட்டுப் பார்த்துக்கலாம். இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. இன்னிக்கு எல்லாம் அச்சு அசலா பொருந்திச்சுன்னா நான் உங்களுக்காகப் பேசறேன். இல்லேன்னா..."

'இல்லேன்னா'வுக்குப் பிறகு அவர் காபியைக் குடித்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் படப்பிடிப்பை நேரில் பார்க்கப் பார்வையாளர்கள் வந்துவிடுவார்கள். நெல்டா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி... இல்லை, அவள் கால்சட்டைக்காரி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

தொப்பைக்குப் பதிலாக ஒரு தலையணையை வார்ப்பட்டையால் ரஸ்ஸின் வயிற்றில் கட்டினார்கள். பிளம்பர் நிறைமாதக் கர்ப்பிணி ஆனான். கொஞ்சம் கீழே இறக்கினார்கள். உட்கார்ந்தால் முழங்காலில் இடித்தது. முகத்துக்குப் பவுடர் அடித்தார்கள். முகம் வெள்ளையாகி, கழுத்து கறுப்பாகவே இருந்தது. கழுத்துக்கும் அடித்தார்கள். அவன் தும்மினான். அத்தனை பவுடரும் பழுப்புச் சோபாவில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் நெல்டா சோபாவைப் பார்த்தாள்.

"சால்! கறை எங்கே?"

செட் சாமான்களுக்குப் பொறுப்பான சால் பெருமையோடு நிமிர்ந்தான். "கடுகு சாஸ் கறைதானே? லீவுல உறையைக் கழட்டி நானே தோய்ச்சேன். பளபளன்னு இல்ல?"

"அடப்பாவி! அந்தக் கறையை நாடே பாத்திருக்கு!"

கடுகு சாஸ் பாட்டில் வந்தது. நெல்டா பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஒரு சொட்டு விட்டாள். சின்னதாகத் தெரிந்தது. இன்னும் ஒரு சொட்டு. பாட்டில் மக்கர் செய்து, பிறகு மொத்தமாகக் கொட்டியது. சால் ஈரத்துணியால் துடைத்தான். பவுடரும் சாஸும் கலந்து தோசை மாவுப் பதத்தில் பரவின.

"மெத்தையைத் திருப்பிப் போடுங்க!" என்றாள் நெல்டா. திருப்பினார்கள். அடிப்பக்கம் விளக்கு வெளிச்சமே படாமல் சாக்லேட் நிறத்தில் இருந்தது.

கடைசியில் மெத்தையைப் பழையபடி போட்டு, ரஸ்ஸையே அந்தக் குளறுபடியின் மேல் உட்கார வைத்தார்கள். தொப்பை அதை மறைத்துவிட்டது. அதற்காவது அது பயன்பட்டது.

"சாண்ட்விச் எங்கே?"

"காளான்ல பண்ணிருக்கேன்," என்றான் சால். "சார்தான் கறி தொடமாட்டாரே."

"போட்டோல பாரு, கறி ஓரமா தொங்குது. நிஜ பாஸ்ட்ராமி வாங்கிட்டு வா. ரஸ், நீ திங்க வேண்டாம்பா, பிடிச்சுக்கிட்டா போதும்."

சூடான பாஸ்ட்ராமி வந்தது. வியர்வையும் பவுடரும் தாங்காமல் யாரோ ஸ்டுடியோவின் பெரிய கதவைத் திறந்து வைத்தார்கள். கறி வாசனை வாகனங்கள் நிற்கிற இடம் வரை போயிற்று.

"இதோ, பிஸ்கட் வந்தாச்சு!" என்று கதவருகே ஒரு குரல் கேட்டது.

பிஸ்கட் தொடரில் வரும் வீட்டு நாய். நெல்டா பழைய போட்டோவை மறுபடியும் கையில் எடுத்தாள். நாயும் இளைத்திருக்குமோ? ஹவாய் போயிருக்குமோ?

பழுப்பு நிற நாய் உள்ளே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. வயர்களைத் தாண்டி, கேமராக்களுக்கு இடையில் புகுந்து, நேராகச் சோபாவின் பக்கம் போனது. ரஸ்ஸின் இடது காலடியில், தரையில் அதன் இடத்துக்கு அடையாளமாக ஒட்டியிருந்த டேப்பின் மேலேயே உட்கார்ந்து, தலையைத் தூக்கிச் சாண்ட்விச்சைப் பார்த்தது.

சால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஒரு கோடை முழுக்க ஆயிருச்சு," என்றான் மெதுவாக. "தன் இடத்தை மறக்கல பாரேன்."

நெல்டா போட்டோவைப் பார்த்தாள். அதில் நாயின் பாதி உடம்பை மேசை மறைத்திருந்தது. முதுகும் வாலும்தான் தெரிந்தன. அதே முதுகு, அதே வால். "பிஸ்கட்!" என்று கூப்பிட்டாள். அது திரும்பவே இல்லை. கவனம் சிதறாத கலைஞன் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. மனிதர்கள் இளைக்கிறார்கள், கறுக்கிறார்கள், சோபாவைத் தோய்க்கிறார்கள். மாறாத ஒரு ஜீவன் இந்த உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது.

"ஆர்வில் எங்கே?" என்று கேட்டாள். ஆர்வில்தான் நாயைப் பழக்குபவன்.

"வெளிய தம் அடிச்சிட்டிருப்பான்," என்றான் சால்.

இருக்கைகள் நிரம்பின. மேலே தொங்கிய டிவிகளில் மே மாதக் காட்சி ஓடியது. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" படம் உறைந்தது. விளக்குகள் எரிந்தன. அதே சோபா, அதே தொப்பை, அதே சாண்ட்விச், அதே நாய்! காலம் நகரவே இல்லை என்பது போல் இருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்த நெல்டாவுக்கே உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது கூட்டம் நிற்குமே, அப்படி உட்கார்ந்திருந்தது இந்தக் கூட்டம்.

ட்ரூடி வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வார்ப்பட்டை அறுந்தது. தொப்பை நழுவி, சட்டைக்கு வெளியே வந்து, தரையில் விழுந்தது.

நெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

கண்ணைத் திறந்தபோது, நாய் எழுந்து தொப்பையைக் கவ்விக்கொண்டிருந்தது. மெல்ல நடந்து போய் அதை ட்ரூடியின் காலடியில் வைத்தது. ட்ரூடியாக நடிப்பவள் பழம் தின்று கொட்டை போட்டவள். தலையணையை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், ரஸ்ஸைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா இதையா சுமந்துட்டிருந்தே?" என்றாள். "சரி. இதை வீட்டுல வச்சிட்டு வா, பண்ணிக்கலாம்."

கூரை பறந்துவிடும் போல் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். இந்தக் களேபரத்தில் ரஸ்ஸின் கையிலிருந்து சாண்ட்விச் மாயமானது. நாய் சோபாவுக்குப் பின்னால் போய் நிதானமாகத் தன் கூலியைச் சாப்பிட்டது.

மிட்ச் ஓடி வந்து நெல்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் ஈரம்.

"நான் வாழ்க்கையில இப்படி ஒண்ணு பாத்ததில்ல. தொப்பை விழுந்தது நம்ம அதிர்ஷ்டம், அதை விடுங்க. ஆனா அந்த முதல் ஷாட்! எல்லாம் அச்சு அசல்! அந்த நாய் எப்படி வந்து உக்காந்துச்சு! இனிமே ஒவ்வொரு எபிசோடும் அதை வச்சுத்தான். நீங்க எங்கேயும் போகல, நெல்டா. உங்க கண்ணுக்குத் தப்பி இந்த செட்டுக்குள்ள ஒரு ஈ கூட நுழைய முடியாதுன்னு நானே மேலிடத்துல சொல்றேன்."

நெல்டா தலையை ஆட்டினாள்.

அப்போது பெரிய கதவு வழியாக, கையெல்லாம் கிரீஸ் மையோடு, மூச்சு வாங்க, ஆர்வில் ஓடி வந்தான்.

"நெல்டா, கோவிச்சுக்காதீங்க, வழியில டயர் வெடிச்சிருச்சு. பிஸ்கட் வண்டியிலதான் தூங்கிட்டிருக்கு... இறக்கிக் கூட்டிட்டு வரட்டுமா?"