ஷட்டருக்கு வெளியே ஒரு தலைவர்

என் மனைவியின் சங்கத்தை ஒழித்தே தீருவது என்று ஒரு புதன்கிழமை காலை, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நான் முடிவெடுத்தேன். பாதி சவரத்தில் எடுத்த முடிவு என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். முழு மனதோடு எடுத்தது.

மனைவி பெயர் யம்னா. முப்பத்தொரு வருஷமாக மனைவி. மொராக்கோவில், எங்கள் ஊரான அசெம்மூரில், சந்துப் பெண்கள் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு 'மகளிர், இளையோர் நலச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தாள். நலம் அவர்களுக்கு. எனக்கு மொட்டை மாடி போயிற்று. காயும் துணிகளுக்கு நடுவே காலையில் அம்மாக்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். மத்தியானம், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகள் கணக்கும் தையலும் படிப்பார்கள். என் சட்டை காய்ந்ததா என்று பார்க்க நான் மாடி ஏறினால், "மாமா, பாடம் நடக்குது. கீழ போங்க" என்று பதினேழு வயது ருக்கையா விரட்டுவாள். என் உயிர்ச் சிநேகிதன் மாத்தியின் மகள் அவள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் என் கடை இருக்கிறது. இருபது வருஷம் அதில் சைக்கிள் பழுது பார்த்தேன். ஷட்டரை இறக்கி மூன்று வருஷம் ஆயிற்று. சாவி என் இடுப்பில். மாத்தியும் நானும் அங்கே ஒரு காபிக்கடை வைப்பதாகத் திட்டம். சுவர் அளவுக்கு டிவி. பந்தாட்டம். மூலையில் எனக்கென்றே ஒரு நாற்காலி; அதில் வேறு எவனும் உட்காரக் கூடாது. பச்சைக் கட்டம் போட்ட மேசைவிரிப்புகள் பன்னிரண்டு வாங்கி, யம்னாவுக்குத் தெரியாமல் மெத்தைக்கு அடியில் ஒளித்தும் வைத்துவிட்டேன். அதே மெத்தையில்தான் அவளும் படுக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஏங்க, மழைக்காலம் வருது. கீழ்க் கடையத் திறந்து விடுங்க."

"முடியாது."

"சும்மாதானே கிடக்கு?"

"சும்மா போட்டு வைக்கிறது என் உரிமை."

"மழை வந்தா மாடியில வகுப்பு நின்னுடும். வகுப்பு நின்ன மறுநாளே ருக்கையாவ காசாபிளாங்காவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பறேன்னு அவங்கப்பன் சொல்லிட்டான். வீடுகூடப் பார்த்தாச்சாம்."

"அவன் பொண்ணு. அவன் இஷ்டம்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே கசந்தது. அந்தப் பெண் என் கடை வாசலில் சைக்கிள் பழகியவள். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடியவன் நான். ஆனாலும் ஓர் ஆண்பிள்ளை ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டால் அதை எந்த முகத்தோடு திரும்ப எடுப்பான்?

"நீங்க திறக்கலேன்னாலும் அந்தக் கதவு திறக்கும்" என்றாள் யம்னா. குரலை உயர்த்தவில்லை. நான் இடுப்புச் சாவியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அதோடு விட்டாளா? சங்கப் பேச்சு மும்முரத்தில் அந்த வாரம் தன் போனைக் கொதிக்கும் ஹரீரா சூப்பில் போட்டாள். கொண்டைக்கடலையோடு கடலையாகக் கிடந்ததைக் கரண்டியால் எடுத்து, கழுவி, பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? நான். அன்றைக்கு எனக்குச் சூப்பும் இல்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். சவரம் பாதியில் இருந்தது. சமையலறையிலிருந்து யம்னாவின் குரல் வந்தது, சங்கத்து ஸோஹ்ராவோடு போன் பேச்சு.

"ஸோஹ்ரா அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை பொதுக்குழு. தலைவர் தேர்தல். எனக்கு ஒரே படபடப்பா இருக்கு. ஆபீஸ்ல கொடுத்த விதித் தாளை அப்படியே பார்த்து எழுதிட்டோம். உறுப்பினர்னா பெண்ணாத்தான் இருக்கணும்னு அதுல எங்கயுமே இல்ல! ஒரு பதினஞ்சு ஆம்பளைங்க உறுப்பினராச் சேர்ந்து வந்து கை தூக்கினா சங்கமே அவங்க கையில. இந்த மனுஷன் காதுல மட்டும் விழுந்துடக் கூடாது."

விழுந்தது. இரண்டு காதிலும் விழுந்தது.

மீதிப் பாதியைச் சவரம் செய்யாமலே சந்துக் கோடியில் இருக்கும் காபிக்கடைக்கு ஓடினேன். எங்கள் கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. பழைய வேன் ஓட்டும் மாத்தி, மின்சார வேலை செய்யும் அப்பாஸ், பெயின்ட் அடிப்பவர், தச்சர் என்று பதினான்கு பேர். எல்லோர் முன்னாலும் புதினா டீ.

"நான் தலைவராகப் போறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"பெண்கள் சங்கத்துக்கு."

மாத்தி டீயைக் கீழே வைத்தான். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

"கேளுடா. நீங்க எல்லாரும் இன்னிக்கே உறுப்பினராச் சேருங்க. வெள்ளிக்கிழமை கை தூக்குங்க. தலைவரானதும் சங்கத்தக் கலைக்கிறேன். மாடி எனக்கு, கீழ்க்கடை நமக்கு."

"வெள்ளிக்கிழமை மத்தியானமா?" அப்பாஸ் கலவரமானான்; மரியாதைக்கு 'ஸி' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவான். "ஸி புஷைப், அது வாராவாரம் குஸ்குஸ் சாப்பிடற நேரம். வீட்டுக் குஸ்குஸ விட்டுட்டு எவன் வருவான்?"

நியாயமான கேள்வி. ஆனால் மறுநாள் எல்லோரும் ஒரே சேதியோடு வந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை சந்தில் எந்த வீட்டிலும் குஸ்குஸ் கிடையாதாம். பெண்கள் எல்லோரும் சேர்ந்து சமைத்து எங்கள் மாடிக்கே கொண்டுவருகிறார்களாம்.

"அல்லா நம்ம பக்கம்" என்றான் மாத்தி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், உறுப்பினராகச் சேர்ந்துவிட்ட நாங்கள் பதினைந்து பேரும் படையாக மாடி ஏறினோம். எதிரே பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் துணி போட்டு மூடிய மூன்று பெரிய தட்டுகள். ஆற்றுப்பக்கக் காற்று பூசணியையும் ஆட்டிறைச்சியையும் நேராக எங்கள் மூக்குக்கே கொண்டுவந்தது.

"முதல்ல கூட்டம்" என்றாள் யம்னா. "தீர்மானத்துல கையெழுத்தானதும் சாப்பாடு."

தேர்தல் நடந்தது. எனக்குப் பதினைந்து கை, யம்னாவுக்குப் பன்னிரண்டு. ஜெயித்துவிட்டேன்! உடனே பெண்கள் அத்தனை பேரும் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார்கள், ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். தோற்றவர்கள் எங்கேயாவது குலவை போடுவார்களா? யோசித்திருக்க வேண்டும். அந்த வாசனையில் யோசனை எங்கிருந்து வரும்?

நான் எழுந்து தொண்டையைச் செருமினேன். "இந்தச் சங்கத்தை இன்றோடு..."

"கலைக்கறதா இருந்தா பதினஞ்சு நாள் முன்னாடி எழுத்துல கொடுக்கணும், தலைவரே. விதி இருபது. இன்னிக்கு இந்த வருஷத் தீர்மானங்கள் மட்டும்தான்."

சரி, பதினைந்து நாள் பொறுத்தால் என்ன என்று உட்கார்ந்தேன். ருக்கையா தாளோடு எழுந்தாள். வாசிக்கத் தொடங்கினாள். நிறுத்தி, நிதானமாக.

"சுருக்கமா முடிடி, குஸ்குஸ் ஆறுது" என்று அவள் அப்பன் கத்தினான்.

அவள் தாளை இறக்கினாள். "ஆறட்டும்ப்பா. ஒன்பதாவதுல என்னைப் பாதியில நிறுத்தினீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு இதைக் கடைசி வரிவரைக்கும் படிப்பேன். யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்."

எனக்கு ஏனோ அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது. ஒருநாள் நான் கையை எடுத்தது தெரியாமலே சந்துக் கோடி வரை ஓட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கும் இதே முகம்தான்.

பதிமூன்று தீர்மானங்கள். ஒவ்வொன்றுக்கும் கை தூக்க வேண்டும். முதல் மூன்றுக்கு ஏற்றி இறக்கினோம். நாலாவதில் அப்பாஸ், எதற்கு வீணாக இறக்குவது என்றான். அதன்பிறகு பதினைந்து பேரும் கையைத் தூக்கியபடியே தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என்ன படித்தாள் என்று கேட்டால், அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்குக் காதில் பட்டது 'முற்றும்' மட்டும்தான். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம். துணியை எடுத்தார்கள். குஸ்குஸைக் குறை சொல்ல நாக்கு வராது. மோர் கூட அளவான புளிப்பு.

திங்கட்கிழமை காலை அத்தனை பேரும் நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். எங்கள் ஊரில் நீங்கள் வீட்டில் போட்ட கையெழுத்து வெறும் கிறுக்கல். குமாஸ்தாவின் கண் முன்னால், அந்தத் தலையணை கனத்துப் பதிவேட்டில் மறுபடியும் போட்டு, முத்திரை விழுந்தால்தான் அது கையெழுத்து. நான் தலைவருக்குரிய மிடுக்கோடு போட்டேன். முத்திரை விழுந்தது. குமாஸ்தா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஸி புஷைப், உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்! சொந்தக் கடையவே அஞ்சு வருஷத்துக்குச் சங்கத்துக்கு விட்டுட்டீங்களே!"

"எந்தக் கடைய?"

"தீர்மானம் மூணு. 'சங்கத்தின் இருப்பிடம் தலைவரின் வீட்டுக் கீழ்த்தளம்.' தலைவர் நீங்கதானே?"

எனக்குப் பின்னால் சிரித்த மாத்தியின் முறை வந்தது. குமாஸ்தா விரலை வைத்துப் படித்தார். "தீர்மானம் ஒன்பது. தினம் காலை ஏழு மணிக்கு ஸி மாத்தியின் வேன் பெண்பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும். தீர்மானம் பத்து. உறுப்பினர் எவரும் தம் மகளை வீட்டு வேலைக்கு அனுப்ப மாட்டார்."

"இதுக்கு நான் கை தூக்கினேனா?"

"ரெண்டு கையையும் தூக்கினியேப்பா" என்றான் அப்பாஸ். குமாஸ்தா அவனுக்கும் படித்தார்: கடைக்கு மின் இணைப்பு வேலை, தீர்மானம் ஆறு. சிரிப்பு அங்கே நின்றது.

மாத்திக்கு முகம் சிவந்தது. பதிவேட்டைத் தள்ளிவிட்டுப் போகத்தான் திரும்பினான். ஆனால் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவி அவன் தோளைப் பிடித்து முத்தமிட்டாள். "உன்னைப் பெத்தவங்களுக்கு அல்லா அருள் செய்யட்டும், மகனே. என்னை ஏழு வயசுல அனுப்பினாங்க. பொண்ண அனுப்ப மாட்டேன்னு சொல்ற ஆம்பளைய இன்னிக்குத்தான் பார்க்கறேன்." வரிசை முழுக்க 'ஆமீன்' என்றது. மாத்தி என்னைப் பார்த்தான், கிழவியைப் பார்த்தான். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டான். வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான், துரோகி.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது.

"யம்னா! என்னை ஏமாத்திட்டே!"

"எதுல? ருக்கையா ஒரு வரி விடாமப் படிச்சாளே."

"ஸோஹ்ராகிட்ட போன்ல நீ பேசினதக் கேட்டுத்தானே நான்..."

"எந்த போன்ல?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பழுது பார்க்கும் கடை ரசீது அங்கேயே இருந்தது. போன் இன்னும் வரவில்லை.

"அப்போ யார்கிட்ட பேசினே?"

"உங்ககிட்டதான். நேரா சொன்னா என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"

"நான் ராஜினாமா பண்றேன்!"

"தாராளமா. எழுத்துல எழுதித் தலைவர்கிட்ட கொடுங்க."

"சாவி என் இடுப்புல இருக்கு. உயிரே போனாலும் தர மாட்டேன்!"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். தச்சர் புதுப் பூட்டு போட்டுட்டார். தீர்மானம் பன்னிரண்டு."

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தலைவர். முத்திரை விழுந்த தலைவர். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது. நேற்று பருவத்தின் முதல் மழை பெய்தது. நேரம் பார்த்து, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கீழே இறங்கினேன்.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே தையல் இயந்திரங்களின் சத்தம். அதற்கு மேலே ருக்கையாவின் குரல். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாக்களுக்குப் பாடம் நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள். இதை யம்னாவிடம் சொல்லிவிடாதீர்கள். குனிந்து உள்ளே நுழையப் போனேன். முகத்தில் துணி பட்டது. எங்கள் ஊர்ப் பொதுக் குளியல் கூடமான ஹம்மாமின் வாசலில் துணி தொங்கினால் உள்ளே பெண்கள் குளிக்கும் நேரம் என்று பொருள். இந்த ஊரில் போலீஸ்காரன்கூட அதைத் தாண்ட மாட்டான். அதே மாதிரி ஒன்றை என் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஷட்டரைத் தட்டினேன்.

"யாரு?"

"தலைவர்!"

"துணி தொங்கறது தெரியலையா, தலைவரே? ஆம்பளைங்களுக்கு வியாழக்கிழமை."

மழை வலுத்தது. நனைந்துகொண்டே அந்தத் துணியை உற்றுப் பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்டிருந்தது.