பேராசிரியரின் பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் வாங்கவோ பால் வாங்கவோ தெருவில் இறங்கி நடக்கிறீர்கள். ஒரு வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பதறாதீர்கள். யார் மேலும் வண்டி ஏறவில்லை. அந்தக் கால்களுக்கு உரியவர் 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்னும் இனத்தைச் சேர்ந்தவர். தன் காரைத் தானே ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். நின்று விசாரித்துவிடாதீர்கள். விசாரித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவீர்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கார் பழையதாக இருக்கும், ஆனால் அதைப் பழையது என்று சொன்னால் முகம் மாறும், "இந்தத் தகடு இப்ப வர்ற வண்டியில கிடைக்குமா?" என்று பானட்டை முஷ்டியால் தட்டிக் காட்டுவார், தட்டிய இடத்தில் பெயிண்ட் உதிரும். எந்த வேலையும் அவருக்குச் சின்ன வேலைதான். எந்தச் சின்ன வேலைக்கும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்துக்குள் சமையலறைக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், வாசலில் போல்ட்டும் நட்டுமாக நிரம்பி வரிசையாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் யாருடையதோ ஒரு டூத் பிரஷ் ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கும். செல்போனில் யாரோ ஒருவர், இவருக்குச் சுத்தமாகப் புரியாத மொழியில், இதே மாதிரியான ஆனால் இதுவல்லாத ஒரு காரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். மெக்கானிக்கிடம் விடலாமே என்று கேட்டுப் பாருங்கள். அவன் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்து அனுப்புவான் என்பார். இவர் அப்படியில்லை. ஒன்றையும் சரிசெய்யாமலே இரண்டைக் கெடுக்க இவரால் முடியும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பேராசிரியர். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறார். அவரவர் வேலையை அவரவர் செய்தால்தான் நாடு முன்னேறும் என்று வாரம் முழுக்கத் தொண்டை வறளப் பாடம் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

இந்த இனம் தனித்து வேலை செய்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பேராசிரியருக்கு வாய்த்தவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு தெருவைத் தாண்டி வந்துவிடுவார். வெளிச்சம் எங்கே வேண்டுமோ அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் அடிப்பார். பேராசிரியர் சொல்வதற்கெல்லாம் "ஆமா சார்" என்பார். நடுவில் கடைக்கு வந்தவர்களின் கதையெல்லாம் சொல்வார். இருவரும் கார் சரியாவதற்காகத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. கார் சரியாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு இருவரும் என்ன செய்வார்கள்?

அப்படிப்பட்ட சிநேகம் ஒரு ஸ்பேனரால் முறிந்தது.

முன்னிருக்கைப் பக்கத்துக் கதவில், மருந்துக்கடைக்காரர் எப்போதும் உட்காரும் பக்கம், கண்ணாடி இறங்கினால் ஏற மறுத்தது. பேராசிரியர் கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தன் ஸ்கூட்டர் கண்ணாடி ஆடுகிறது என்று அந்த ஸ்பேனரைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். போனவர் வந்து, நீட்டிய கையில் அதைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தார் என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். பேராசிரியரின் கை வாங்கிக்கொண்டது. கண் செல்போனில் இருந்தது. மிச்ச வேலையை முடித்தார், ஸ்பேனரைக் கதவுக்குள்ளேயே வைத்தார், அட்டையை மாட்டி இறுக்கி, பெருமையாக ஒரு தட்டும் தட்டினார்.

சாயங்காலம் பெட்டியில் ஸ்பேனர்களை அடுக்கும்போது பத்தாம் நம்பர் இல்லை. கொடுத்தது நினைவிருந்தது. வாங்கியது நினைவில்லை.

எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டார். அப்போதே கொடுத்துவிட்டதாகச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றார் பேராசிரியர். யோசிக்க என்ன இருக்கிறது என்றார் அவர். பேச்சு அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

மறு ஞாயிறு முக்காலி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அதற்குள் காரில் ஒரு சத்தம் கிளம்பியிருந்தது. வளைவில் திரும்பினால் டொக். பிரேக் போட்டால் டொக். இந்த இனத்துக்குத் தன் வண்டியில் ஒரு சத்தம் கேட்டால் சோறு இறங்காது. ஷாக் அப்சார்பர் என்று முடிவு கட்டிக் கழற்றி மாட்டினார். டொக். இருக்கையைக் கழற்றி மாட்டினார். டொக். பின்பக்க டிக்கியில் இருந்ததையெல்லாம் வாரி ஹாலில் கொட்டினார். ஹால் நிறைந்ததுதான் மிச்சம். டார்ச் பிடிக்கும் பொறுப்பு மனைவி தலையில் விழுந்தது. அந்த அம்மாள் எங்கே வெளிச்சம் வேண்டுமோ மிகச் சரியாக அங்கே அடித்தார். அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. பேராசிரியருக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

"ஏங்க, எதிர்வீட்டு அண்ணனைப் போய்க் கூப்பிடுங்களேன். ஒரு ஸ்பேனருக்காகவா?"

"ஸ்பேனருக்காக இல்ல. நியாயத்துக்காக" என்றார் பேராசிரியர்.

உள்ளுக்குள் அவருக்கு அழுகையே வந்தது. அந்த மனிதர் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. எதைக் கழற்றினாலும் "ஆமா சார்" என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த ஞாயிறு, வேறு எதுவும் பாக்கியில்லாததால், அந்தக் கதவைத் திறந்தார். அட்டையைக் கழற்றி அடியில் கையை விட்டுத் துழாவினார். விரலில் ஏதோ சில்லென்று பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தார்.

பத்தாம் நம்பர்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். பேராசிரியரும் அப்படித்தான் எழுந்தார். வாசகம்கூடத் தயார் செய்துகொண்டார். அப்போது பார்த்து கேட் கிரீச்சிட்டது. மருந்துக்கடைக்காரர் வந்துகொண்டிருந்தார், முக்காலி இல்லாமல், கையில் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறையோடு.

பேராசிரியரின் கை அவரைக் கேட்காமலே ஸ்பேனரைக் கதவுக்குள் போட்டுவிட்டது. டொக்.

"தேடிப் பாத்தேன் சார். எங்கிட்டதான் இருந்திருக்கு. தப்பு என் மேலதான்" என்று உறையை நீட்டினார் மருந்துக்கடைக்காரர்.

உள்ளே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். பளபளவென்று புதிது. ஒரு கீறல் இல்லை, கம்பெனியில் பூசிய எண்ணெய்கூட இன்னும் போகவில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொள்வதற்காக அந்த மனிதர் இரும்புக்கடைக்குப் போய் அதை வாங்கி வந்திருக்கிறார். பேராசிரியருக்கு எல்லாம் புரிந்தது. 'உங்க மேல தப்பே இல்ல, அது என் கதவுக்குள்ளதான் இருக்கு' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்ததும் வெளியே வந்தது வேறு.

"பரவால்ல சார். மறதி எல்லாருக்கும் வர்றதுதான். நான் மனசுல வெச்சுக்கல."

மன்னித்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

மருந்துக்கடைக்காரர் தெருவைத் தாண்டிப் போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டார்ச்சை எடுத்து, ஒரு சாண் தள்ளி வெளிச்சம் அடித்தார். பேராசிரியர் அவசர அவசரமாகக் கதவின் அட்டையை மாட்டி இறுக்கினார். பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே, மருந்துக்கடைக்காரரின் முழங்காலுக்குப் பக்கத்தில், டொக்.

"சார், இந்தக் கதவுலேர்ந்துதான் வருது போலிருக்கு. பிரிச்சுப் பாத்துடலாமா?"

இந்த டொக்குக்காக இருக்கையைக்கூட விட்டுவைக்காத பேராசிரியர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வேண்டாம் சார். பழைய வண்டி. சத்தம் இருக்கத்தான் செய்யும்."

தன் காரைப் பழையது என்று அவர் வாயால் சொன்னது அன்றுதான். அந்தக் கதவை இன்றுவரை அவர் திறக்கவில்லை. வேறு யாரையும் திறக்க விடுவதுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வளைவிலும் அது டொக் என்கிறது. மருந்துக்கடைக்காரர் "ஆமா சார்" என்கிறார்.

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் காரே கிடையாது, அதனால் இந்த இனத்தோடு உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். போவதற்கு முன் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் கடைசியாக ஒருவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தீர்களே, அன்றைக்கு உங்கள் கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தீர்களா?