பஸ்ஸில் ஊறிய மஞ்சள்

"சாயம்கிற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது. புரியுதா?"

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட் பிடித்திருந்த கொளஞ்சியப்பனிடம் அம்மா போனில் பொரிந்துகொண்டிருந்தாள். அவளும் மாமாவும் காலையிலேயே அரியலூர் போய்விட்டார்கள். பெண் பார்க்க நாலு மணிக்கு இவனும் போய்ச் சேர வேண்டும்.

"சரிம்மா."

"பொண்ணு பேரு அம்பிகா. அதையாவது ஞாபகம் வச்சிக்க. உன் போட்டோவ அவளும் பாத்திருக்கா. வெள்ளச் சட்டைதானே போட்டிருக்க?"

"பால் மாதிரி இருக்கும்மா."

இதற்கு முன் நாலு இடம் தட்டிப்போயிருந்தது. கொளஞ்சியப்பன் துணிப் பொம்மை தைக்கிறவன். பொம்மைகளுக்கான காட்டன் துணிக்கு அவனே கையால் சாயம் போடுவான். ஒரு வீட்டில் பச்சை விரல்களோடு காபி டம்ளரை வாங்கினான். இன்னொரு வீட்டில் அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலி நீலமாகிவிட்டது. இதுவும் போனால் இனி பெண்ணே தேட மாட்டேன் என்று அம்மா கையை விரித்துவிட்டாள். அவனுக்கும் பொம்மைகளோடு பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தது. பதில் பேச ஒரு ஆள் இருந்தால் தேவலை.

அப்படிப்பட்டவன் இன்றைக்காவது சும்மா போகலாம் அல்லவா? மாட்டானே! மறுநாள் காலை இருபது பொம்மைகளுக்கு மஞ்சள் பாவாடை தர வேண்டியிருந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும், பாக்கெட் சாயம் வேண்டாம், மஞ்சளிலேயே போடுங்கள் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்டிருந்தார்கள். மஞ்சள் அவனுக்குப் புதுசு. துணி ஒரு மணி நேரம் அசைந்துகொண்டே ஊற வேண்டும் என்பது மட்டும் தெரியும். அரியலூர் பஸ்ஸும் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டேதான் போகும். வேறென்ன வேண்டும்?

மஞ்சள் தண்ணீரும் துணியுமாக ஒரு பாலிதீன் பையை ரப்பர் பேண்டால் இறுக்கி, சீட்டுக் கம்பியில் தோளுக்கு மேலே தொங்கவிட்டிருந்தான்.

பஸ் கிளம்பியது. பை மெல்ல ஆடியது. வெயில் அதற்குள் புகுந்து வந்து அவன் மடியில் ஒரு பொன்வட்டத்தை ஊஞ்சலாட்டியது. கொளஞ்சியப்பன் கனவுக்குள் இறங்கிவிட்டான். அவனுக்கு ஒவ்வொரு துணியும் ஒரு பயணம். மீன்சுருட்டி போனபோது ஊறிய நீலத்தில் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேகமாக விழுந்திருந்தது. ஏலாக்குறிச்சி போனபோது ஊறிய ரோஸ், டிரைவர் நிதானமானவர் என்பதால், விடியற்கால வானம் மாதிரி சீராக வந்திருந்தது.

தோளில் ஜில்லென்றது. ரப்பர் பேண்டைக் காணோம். தோள் முதல் பாக்கெட் வரை ஒரே மஞ்சள்.

"ஐயையோ!"

"என்னாச்சுங்க?" பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மடியில் ஏழாம் வகுப்பு அறிவியல் பேப்பர் கட்டு. பெரம்பலூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் டீச்சர் போலிருந்தது.

"பொண்ணு பாக்கப் போறேங்க. எல்லாம் போச்சு."

"பதறாதீங்க. சோப்பு போட்டா போயிடும்." கைப்பையிலிருந்து சோப்புத் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள்.

தேய்த்தான். மஞ்சள் போனது வாஸ்தவம்தான். அந்த இடம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

டிக்கெட் போட வந்த கண்டக்டர் வேல்முருகன் அலறினார். "ரத்தம்! அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

"ரத்தமில்லங்க, மஞ்சள்."

"செவப்பா இருக்கு, மஞ்சள்ங்கிறீங்களே!" ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே டிரைவரின் தயிர்சாதம் இருந்தது.

ஒருவழியாக பஸ் மறுபடி கிளம்பியதும் பின்சீட்டுப் பெண் கேட்டாள். "பொண்ண போட்டோவுல பாத்திருக்கீங்களா?"

"பாத்தேங்க. மயில்கழுத்துப் புடவை. ஓரத்துல மட்டும் சாயம் சரியா ஏறல."

"மொகம்?"

யோசித்துப் பார்த்தான். "புடவைதாங்க ஞாபகம் வருது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப சட்டைய முழுசா முக்கிடுங்க. ஒரே கலரா இருந்தா கறைன்னு யாரு சொல்லப்போறா?"

நல்ல புத்தி உள்ளவன் யோசித்திருப்பான். இவனுக்கோ அதைக் கேட்டதுமே கை துறுதுறுத்தது. பனியனோடு உட்கார்ந்து, மிச்ச மஞ்சளுக்குள் சட்டையை அமுக்கினான். அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோனது.

"துணி சாயத்தக் குடிக்கிறப்ப ஒரு சத்தம் வரும். கேக்குறீங்களா?"

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. குனிந்து பைமேல் காதை வைத்தாள்.

"ஆமாங்க, வருது," என்றாள் மெதுவாக.

கொளஞ்சியப்பன் பையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். போகிற இடத்தில் இருப்பவளும் இப்படிக் கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

காயட்டும் என்று சட்டையை ஜன்னலுக்கு வெளியே பிடித்தான். எதிரே வந்த சிமெண்ட் லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. உள்ளே இழுத்துப் பார்த்தால் மஞ்சள் முழுக்கச் சிவப்புப் பொட்டு. சோப்பு செய்த வேலையையே சிமெண்ட் தூளும் செய்திருந்தது. மஞ்சளும் குங்குமமும் தெளித்த மாதிரி இருந்தது. வேறு சட்டை இல்லை. அதையே ஈரத்தோடு மாட்டிக்கொண்டான்.

அரியலூரில் இறங்கும்போது கண்டக்டர் கண்ணடித்தார். "எந்த ஊருத் திருவிழா சார்? முறைப்பொண்ணு நல்லா ஊத்தியிருக்கு!"

கொளஞ்சியப்பன் இரண்டு கையாலும் சட்டையை மறைத்துக்கொண்டான். இதை எப்படி மறந்தான்? திருவிழா முடிவில் கட்டிக்கிற முறையுள்ளவள்தானே ஒருவன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள்! இந்தக் கோலத்தில் போய் நின்றால், வேறு எவளோ உரிமை கொண்டாடிய மாப்பிள்ளை என்றல்லவா பெண் வீட்டில் நினைப்பார்கள்?

"நான் திரும்பிப் போயிடுறேங்க," என்றான் பின்னாலேயே இறங்கிய டீச்சரிடம். "யாரு ஊத்துனான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் பேப்பர் கட்டைச் சேர்த்து, மஞ்சள் படிந்த ஒரு ரப்பர் பேண்டை அதன்மேல் மாட்டினாள்.

"அம்பிகாதான் ஊத்துனான்னு சொல்லுங்க. வாங்க, எங்க வூடு இந்தப் பக்கம்."