மாப்பிள்ளை போட்ட செட்டிங்ஸ்

மாமனார் வீட்டில் நின்றுகொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்வதைவிடக் கஷ்டமான காரியம் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் கல்யாணமான முதல் வருஷத்தில்! அந்த இரண்டு வார்த்தையை அன்றைக்குச் சொல்லித் தொலைத்திருந்தால், ஒரு பெண்ணின் எட்டு வருஷ உழைப்பைப் பத்தே நிமிஷத்தில் நாசம் செய்த பெருமை எனக்கு வாய்த்திருக்காது.

என் மாமனாருக்குக் காரைக்குடியில் இரும்புக் கடை. பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் தெய்வானை, என் மனைவி. இளையவள் மீனாள், பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சென்னைக்குப் போனவள், கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். மாமனார் சண்டை எதுவும் போடவில்லை. யாராவது "சின்னவ என்ன பண்ணுது?" என்று கேட்டால், "மெட்ராஸ்ல இருக்கு" என்று ஊரை மட்டும் சொல்வார்.

எட்டு வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, மீனாள் முதன்முதலாகத் தானே ஒளிப்பதிவு செய்த படம் வெளிவந்தது. எங்கள் பக்கத்துத் தியேட்டர் எதிலும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து ஓடிடியில் வருகிறது என்றதும் மாமனார் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். (கேட்டதற்கு, "பழசுல கோடு விழுகுது" என்றார். பழசில் ஒரு கோடும் விழவில்லை.)

படம் பார்க்க நானும் தெய்வானையும் காரைக்குடிக்கு வந்திருந்தோம். சனிக்கிழமை டிவியை மாட்ட வந்தவர், "செட்டிங்ஸ் பாத்து வச்சிரவா சார்?" என்று கேட்டார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எனக்கா செட்டிங்ஸ் தெரியாது? "நான் பாத்துக்குறேன், நீங்க கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டேன். பிறகு மெனுவுக்குள் புகுந்து, 'ஆஃப்' என்று இருந்த அத்தனையையும் 'ஆன்' செய்தேன். காசு கொடுத்து வாங்கிய வசதியை எதற்கு அணைத்து வைப்பது? சாயங்காலம் கிரிக்கெட் போட்டோம். பந்து வழுக்கிக்கொண்டு போனது. "கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்றார் மாமனார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானம் படம் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். காலை ரயிலில் வந்திருந்த மீனாள் மட்டும் கூடத்துக்கே வரவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பயந்து, அம்மாவோடு அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

படம் ஆரம்பித்தது. விடியற்காலையில் கண்மாய்க் கரையில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள். போகிறாளா? எண்ணெயில் சறுக்குகிறாள். சக்கரத்தின் கம்பிகள் திடீர் திடீரென்று கரைந்து திரும்ப முளைத்தன. படம் முழுக்க அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியது போல ஒரு பளபளப்பு. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த மாமனார் படத்தை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவுக. என்னமோ கல்யாண வீடியோ மாதிரி இருக்கே, ஏன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அது வந்து மாமா, சினிமாவுக்குன்னு ஒரு வெளிச்சம் இருக்கு. அதப் பிடிக்க அனுபவம் வேணும். மீனாள் மேல தப்புச் சொல்ல முடியாது, முதல் படம்தானே? போகப் போகக் கத்துக்கும்."

"இதுக்கா எட்டு வருஷம்..." என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

தெய்வானை என் தொடையில் கிள்ளினாள். திரும்பினேன். பணியாரத் தட்டோடு மீனாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, ரிமோட்டை வாங்கிப் படத்தை ஓடவிட்டு ஐந்து விநாடி பார்த்தாள்.

"டிவிய யாரு செட் பண்ணுனது?"

"ஒங்க அத்தான்தான்!" என்று கூடமே பெருமையோடு என்னைக் காட்டியது.

ரிமோட்டை நான்கே நான்கு தடவை அழுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "சினிமாவுல நொடிக்கு இருபத்து நாலு படம் அப்பச்சி. இந்த டிவி நடு நடுவுல தானா சில படங்களச் செஞ்சு சொருகிருது. பந்தாட்டத்துக்கு நல்லாருக்கும், சினிமாவுக்கு ஆகாது. அணச்சிட்டேன். மொதல்லருந்து பாப்பமா?"

மறுபடியும் அதே கண்மாய்க் கரை. ஆனால் இப்போது பனி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு உடம்பில் கனம் வந்திருந்தது. மேட்டில் சைக்கிளைத் தள்ள அவள் படும் பாடு என் தோளில் தெரிந்தது. இருட்டு இருட்டாகவே இருந்து, அதற்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முகம் துலங்கியது. இரண்டு மணி நேரம் ஒருவரும் தட்டுப் பக்கம் கை நீட்டவில்லை. பணியாரம் ஆறிப்போனது. கடைசியில் பெயர் ஓடியபோது மாமியார் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மகளின் பெயரைப் படம் பிடித்தார். (ஓடிவந்த அவசரத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்கிற மாதிரி விழவில்லை. இன்னும் அழிக்கவில்லை.)

மாமனார் மீனாள் பக்கம் திரும்பிக் கேட்டார். "அந்தக் கண்மாய் அரியக்குடிப் பக்கமா ஆத்தா?"

"ஆமாப்பச்சி. அந்த வெளிச்சம் பத்து நிமிஷந்தான் இருக்கும். நாலு நாள் காத்துக் கெடந்தோம்."

"மேகம் மூடிருச்சுன்னா?"

"மறுநா வரணும்."

அவர் விடவில்லை. பனியை எப்படிப் பிடித்தாய், மழை வந்தால் கேமராவை எங்கே வைப்பாய் என்று எட்டு வருஷத்துக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டார். மறுநாள் கடையில் யாரோ சின்னவளை விசாரித்தபோது, "ஒளிப்பதிவாளர்" என்று முழுசாகச் சொன்னாராம்.

படம் பார்த்த அன்று சாயங்காலமே நான் அடுப்படிக்குப் போய் மீனாளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னைக் கூட்டத்தில் வைத்துக் கிழிக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"விடுங்கத்தான். நெறைய டிவி கடையிலருந்தே அப்படித்தான் வருது. பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. உங்களுக்கு என்னமோ சரியில்லன்னாவது பட்டுச்சுல்ல?" என்று சிரித்தாள். அந்த வயதில் எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இப்போதும் சந்தேகம்தான்.

மாமனாருக்கு அது கிடையவே கிடையாது. "மாப்பிள்ளை, ஆபீஸ்லயும் இப்படித்தான் தப்புக் கண்டுபுடிக்கிறீகளா?" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் ரசம் கெட்டியானாலும், ஃபேன் தட்டாமாலை சுற்றினாலும், "மாப்பிள்ளை கை பட்டிருச்சோ?" என்பதுதான் முதல் விசாரணை.

போன மாதம் நேமத்தான்பட்டியில் சின்ன மாமா வீட்டுக்குப் புது டிவி வந்தது. மீனாளின் மூன்றாவது படத்தை அங்கே பார்ப்பதாக ஏற்பாடு. மாமனார் எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, அவசியம் வரணும். ஆனா அவசரமில்ல. ரிமோட்ட பீரோல வச்சுப் பூட்டுனதும் போன் பண்றேன், அப்பறமாக் கெளம்புங்க."