மாமா தேய்த்த பூசணிக்காய்கள்

என்னை யாராவது பாராட்டினால் உடனே வாயைத் திறந்து முழுக் கதையையும் கொட்டிவிடுவேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வாயை மூடிக்கொண்டு பெருமையாகச் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு வரவிருந்த முதல் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

ஆக்லாந்துக்கு வந்த புதிது. எங்கே விண்ணப்பித்தாலும் இந்த ஊர் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். (வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்!) கடைசியில், மாசி என்ற புறநகரில் அலங்காரப் பொருள்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த ஷரோன், மூன்று பிளாஸ்டிக் பூசணிக்காய்களைக் கையில் கொடுத்தார். பழைய பித்தளை மாதிரி பெயிண்ட் அடித்து வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொண்டு வந்தால், பிடித்திருந்தால், வேலை எனக்கு.

அந்த வாரம் முழுக்க லின்ஃபீல்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் கராஜிலேயே குடியிருந்தேன். முதலில் கறுப்பு, அதன்மேல் பித்தளை நிறம், அதற்கும் மேல் பச்சையும் நீலமும் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் களிம்பு. மடிப்புகளுக்குள் களிம்பு தங்க வேண்டும், மேடான இடத்தில் பித்தளை லேசாக மினுங்க வேண்டும். எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை மூன்றையும் கூடத்து மேசையில் வைத்தேன்.

முதல் நாள் மாலைதான் என் மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். அங்கே பாத்திரக்கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மேசைப் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, பித்தளையா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"கனமே இல்லையே. இப்பல்லாம் மெல்லிசுத் தகட்டுல பண்ணி ஏமாத்துறானுங்க."

கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரரே ஏமாந்துவிட்டார்! (இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேண்டும்?) உண்மையைச் சொல்லாமல் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது சமையலறையில் சரக் சரக் என்று சத்தம். கூடவே புளி வாசனை. உள்ளே ஓடினேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புளியும் உப்பும் போட்டுக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மருமகள் வீட்டுப் பித்தளை களிம்பேறிக் கிடக்கிறதே என்ற நல்லெண்ணம்தான்.

"என்னம்மா இது, தேய்க்கத் தேய்க்க ஆரஞ்சு கலரா வருது?"

"மாமா! அது பிளாஸ்டிக்! என் வேலையே அதுலதான் மாமா இருக்கு!"

அவர் கையிலிருந்த நார் சிங்க்கில் விழுந்தது. இரண்டு முடிந்துவிட்டிருந்தன. மூன்றாவதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அய்யய்யோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே மறுபடி பெயிண்ட் அடித்தேன். வெளியே மழை. ஹேர் டிரையரைக் காட்டினால் பெயிண்ட் காய்வதற்குப் பதில் தோல் தோலாக உரிந்தது. கிளம்பும் நேரமும் வந்துவிட்டது.

"கெடுத்தது நான். நானே வந்து சொல்றேன்" என்று மாமா காரில் ஏறிக்கொண்டார். ஈரப் பூசணிக்காய்கள் அவர் மடியில்.

ஷரோன் உரிந்துபோன இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். என் ஆங்கிலம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. பச்சை படிந்த வேட்டியுடன் மாமா முன்னால் வந்தார்.

"மேடம், ஐ பிராஸ் ஷாப். ஃபுல் லைஃப். திஸ், ஐ திங்க் பிராஸ். டர்ட்டி பிராஸ். ஐ கிளீன்!" என்று காற்றில் தேய்த்தும் காட்டினார்.

ஷரோன், தப்பிப் பிழைத்த மூன்றாவதை எடுத்துத் திருப்பினார், நகத்தால் தட்டினார், மாமாவைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"காலமெல்லாம் பித்தளை விற்றவரையே ஏமாற்றிவிட்டாயா? திங்கட்கிழமை வந்துவிடு."

இன்றும் அங்கேதான் வேலை. எதை முடித்தாலும் முதல் போட்டோ கும்பகோணத்துக்குப் போகும். "அழகா இருக்கும்மா" என்று பதில் வந்தால் மறுபடி பெயிண்ட் அடிப்பேன். "ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கே, தேய்க்கக் கூடாதா?" என்று வந்தால்தான் அந்தப் பொருள் கடையை விட்டு வெளியே போகும்.

மாமா இங்கே வரும்போதெல்லாம் என் கணவர் முதல் வேலையாகப் புளி டப்பாவை ஒளித்து வைத்துவிடுகிறார். மாமா ஊருக்குத் திரும்பும்வரை வீட்டில் எலுமிச்சம்பழ ரசம்தான். போன முறை அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு மாமா நிதானமாகச் சொன்னார்:

"பித்தளைக்கு எலுமிச்சம்பழமும் நல்லாத்தாம்மா கேக்கும்."